இரண்டு டப்பா திறந்திருந்த மத்தியானம்

லைல் ஸ்கோக்லண்ட் மலை ஏறிப் பதினான்கு வருஷம் ஆகிறது. தானியக் கிடங்கின் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு, கைத்தடியோடு கோழிக்கூண்டு வரை போய்த் திரும்புவதே அவருக்குப் பெரும்பாடு. ஆனாலும் எங்கள் மொன்டானா பள்ளத்தாக்கில் மலைக்கு அதிகம் போய் வருகிற ஆள் யார் என்று கேட்டால் நான் லைலைத்தான் சொல்வேன். வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் முக்காலி போட்டு உட்கார்ந்தபடியே போய் வந்துவிடுவார்.

அவரைக் கொண்டுபோவது வெடிமருந்து. தங்கை வெர்னாவின் வேட்டைத் துப்பாக்கிக்கு ஒவ்வொரு தோட்டாவையும் அவர்தான் கையால் அடைப்பார். சுட்டு முடித்த பித்தளை உறையைத் துடைத்து, அடியில் தீப்பொறி தருகிற புதுக் கேப்பு வைத்து, மருந்தை அளந்து கொட்டி, மேலே குண்டைச் செருகி அழுத்த வேண்டும். உறையும் கேப்பும் குண்டும் எந்த மடையன் வாங்கினாலும் ஒன்றுதான், மருந்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஆளின் லட்சணம் தெரியும் என்பது லைலின் கட்சி. படபடவென்று எரிந்து தீர்கிற மருந்து உண்டு. நிதானமாக எரிந்து குழல் நெடுகக் குண்டைத் தள்ளிக்கொண்டு போகிற மருந்து உண்டு. ஆகஸ்டு வெயிலில் பிரமாதமாகப் பாய்ந்துவிட்டு, நவம்பர் குளிரில் சோம்பிப்போய்க் குண்டை ஒரு சாண் கீழே இறக்கிவிடுகிற துரோகி மருந்தும் உண்டு. அந்தத் துரோகியைக் கண்டுபிடிக்க அவர் தோட்டாக்களைத் துணிப்பையில் கட்டி அடுப்படி ஃப்ரீசருக்குள் வைத்துவிடுவார். மறுநாள் வெர்னா அவற்றைக் குளிர் போவதற்குள் எடுத்துப்போய்ச் சுட்டுப் பார்ப்பாள்.

"பட்டாணி எடுக்கக் கைய விட்டா தோட்டா வருது. ஒரு நாள் சூப்புல போட்டுரப் போறேன், பாத்துக்கோ அண்ணே."

"போடேன். உன் சூப்புல காரமே இல்லன்னு எத்தன வருஷமா கத்தறேன்."

இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெர்னா தபால் வண்டி ஓட்டினாள். அம்பத்தெட்டு வயதிலும் விடிகாலைப் பனியில் ஆறு மைல் ஏறுவாள். அண்ணன் அடைப்பார், தங்கை சுடுவாள். திரும்பி வந்ததும் அவளை உட்கார வைத்து, காற்று எந்தப் பக்கம் அடித்தது, பனி காலடியில் நொறுங்கியதா குழைந்ததா என்று ஒன்று விடாமல் கேட்டு வாங்கிக்கொள்வார். அடுத்த வருஷம் மருந்தை உள்ளங்கையில் கொட்டி விரலால் பரப்பும்போது அத்தனையும் திரும்பி வரும். கரிய சின்னச் சின்னக் குச்சிகள். அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தகரச் சுவர் எங்கோ போய்விடும். பொன்னிறமாகிப்போன லார்ச் மரங்களுக்கு நடுவே, மூச்சு ஆவியாக வெளியே வர, இடுப்பு வலி இல்லாத லைல் ஏறிக்கொண்டிருப்பார்.

இது அழகான பழக்கம்தான். ஆனால் வெடிமருந்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கனவு காண்கிறவரை நினைத்தால் எனக்குச் சில சமயம் பற்றிக்கொண்டு வரும். போன வருஷம் ஒரு உறையில் மருந்து போடவே மறந்து குண்டை அழுத்திவிட்டார். மலைமேல் வெர்னா விசையை இழுத்தபோது 'டப்' என்று ஒரு ஒப்புக்குச் சத்தம். கேப்பு மட்டும் வெடித்து, குண்டு குழலின் பாதியில் போய் மாட்டிக்கொண்டிருந்தது. சத்தம் சரியில்லை என்று அவள் நிறுத்தியதால் பிழைத்தாள். பின்னாலேயே இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் முகத்தருகே வெடித்திருக்கும்.

அன்றைக்கு அவள் சத்தம் போடவில்லை. "இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா நான் கடைத் தோட்டா வாங்கிக்குவேன்ணே. கொட்டகையப் பூட்டிருவோம்," என்றாள். சொன்னால் செய்கிறவள்.

இந்த வருஷம் பார்த்து அவளுக்குக் குலுக்கலில் சீட்டு விழுந்தது. மேல்மலையில் கொம்பு விரிந்த எல்க் மான் கடா ஒன்றைச் சுட அரசாங்கம் தரும் அனுமதி. பதினோரு வருஷமாக எழுதிப்போட்டுக் கிடைத்தது. பனிக்காலத்துக்கென்று லைல் நம்பியிருந்த பச்சை டப்பா மருந்தைச் செய்கிறவர்கள் நிறுத்திவிட்டார்கள். அலமாரியில் கடைசி டப்பா, அதிலும் பாதிதான். இந்தச் சீட்டுக்காகவே அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

வேட்டை தொடங்க ஒன்பது நாள் இருந்த மத்தியானம் அவர் அடைக்க உட்கார்ந்தார். மேசைக்கு மேலே பலகையில் அவரே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: 'மேசையில் ஒரு டப்பாதான்.' ஏனென்றால் மருந்துகள் பார்க்க ஒன்று போலவே இருக்கும். மாற்றிப் போட்டால் ஒரே அளவு மருந்து ஒன்றில் தாலாட்டும், இன்னொன்றில் துப்பாக்கியைப் பிளக்கும். ஆனாலும் அன்று கை சும்மா இருக்கவில்லை. புதிதாக வாங்கிய சிவப்பு டப்பாவையும் எடுத்துத் திறந்து, இரண்டிலும் ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் வைத்துப் பார்த்தார். மலை வந்துவிட்டது. கடா வந்துவிட்டது. வெர்னா மண்டியிட்டுக் குறி பார்க்கிறாள், அவளுக்குப் பக்கத்தில் அவரும் மண்டியிடுகிறார், முட்டியில் பனியின் ஈரம் ஏறுகிறது.

திரும்பி வந்தபோது இருபது தோட்டாக்கள் கட்டையில் வரிசையாக நின்றன. அளக்கிற குப்பியில் பாதி மருந்து மிச்சம் இருந்தது. இரண்டு டப்பாவும் மூடியில்லாமல் மேசைமேல் இருந்தன.

குப்பியை எதிலிருந்து நிரப்பினோம்?

பச்சையாகத்தான் இருக்கும். பச்சையேதான். கை பழக்கத்தில் அதைத்தானே எடுக்கும். மருந்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார், முகர்ந்தார், விரலில் தேய்த்தார். நூற்றுக்குத் தொண்ணூறு நிச்சயம். உள்ளங்கையில் இருந்ததை எந்த டப்பாவில் திரும்பக் கொட்டினோம் என்பதும் நினைவில்லை. யாரும் பார்க்கவில்லை. குப்பியைப் பச்சையில் கவிழ்த்து, இரண்டையும் மூடி அலமாரியில் வைத்தால் கதை முடிந்தது. சொன்னால், கொட்டகைக்குப் பூட்டு. பூட்டினால் மலையும் போச்சு.

ஆனால் நூற்றில் மிச்சம் பத்து இருக்கிறதே. அந்தப் பத்துக்குப் பின்னால் துப்பாக்கியில் கன்னத்தை ஒட்டி வைத்துப் படுத்திருக்கப் போவது வெர்னா.

சாயங்காலம் அவள் தபால் பையைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டார்.

"ரெண்டு டப்பாவ வெளிய எடுத்து வச்சுட்டேன் வெர்னா. எத எதுல போட்டேன்னு தெரியல."

அவள் கையுறையைக் கழற்றாமலேயே நின்றாள். "அந்தப் பலகைய எழுதுனது யாரு?"

"நான்தான்."

"பச்ச மருந்து?"

"போச்சு. அடைச்ச இருபதும் போச்சு. எதையும் நம்ப முடியாது."

"அப்ப நான் கடைத் தோட்டா வாங்கிக்கறேன்," என்று சொல்லிவிட்டு அவள் கணப்பைப் பார்க்கப் போனாள். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் லைல் இருபது தோட்டாவின் குண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அந்த மருந்தையும் இரண்டு டப்பாவில் இருந்ததையும் ஒரு வாளியில் சேர்த்துக்கொண்டு, எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுபோலப் புல்தரையில் தூவப் போனார். ஒரு கையில் தடி, மறு கையில் வாளி. நாலு அடி வைப்பதும், நின்று ஒரு பிடி தூவுவதுமாகக் கொட்டகை வாசலிலிருந்து மலைப்பக்க வேலி வரைக்கும் போய்விட்டார். பதினான்கு வருஷத்தில் அவ்வளவு தூரம் நடந்தது அன்றைக்குத்தான். திரும்பி வந்ததும் கொட்டகையை அவரே பூட்டிச் சாவியை அடுப்படி ஆணியில் மாட்டினார்.

வெர்னா மலைக்குப் போய் நாலாம் நாள் வந்தாள். வண்டியின் பின்பக்கம் காலியாக இருந்தது. காபியைக் கையில் வாங்கிக்கொண்டு அவளாகவே பேசினாள்.

"கடா வந்துச்சுண்ணே. பள்ளத்துக்கு அந்தப் பக்கம். கொம்பு அப்படியே வேரோட புடுங்குன மரம் மாதிரி. முந்நூறு கஜம் இருக்கும்."

"சுடலையா?"

"இந்தக் கடைத் தோட்டா நூறு கஜத்துலயே இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு போகுது. முந்நூறுல எங்க போய் விழும்னு எனக்கு எப்படித் தெரியும்? வயித்துல பட்டு எங்கயாவது போய்ச் சாகட்டும்னு சுடவா? விட்டுட்டேன்."

"பதினோரு வருஷம் வெர்னா."

"நீ வாய மூடிக்கிட்டு அந்த இருபதக் கையில குடுத்திருந்தா," அவள் கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள், "கண்ண மூடிக்கிட்டுச் சுட்டிருப்பேன்."

அதற்குமேல் அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சாவி ஆணியிலேயே தொங்கியது. லைல் சன்னல் பக்கம் உட்கார்ந்து பனி விழுவதைப் பார்த்தார். கையில் மருந்து இல்லாமல் மலை வரவில்லை. எவ்வளவு முயன்றும் வெறும் பனிதான் விழுந்தது.

மே மாதத்தில் பனி உருகிப் புல் கிளம்பியது. மற்ற இடமெல்லாம் வெளுத்த பச்சை. கொட்டகையிலிருந்து வேலி வரைக்கும் மட்டும், தூவிய மருந்து உரமாகி, கரும்பச்சை. அதுவும் நேர்கோடாக இல்லை. நாலு அடிக்கு ஒரு திட்டு, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, மறுபடி ஒரு திட்டு. லைல் நொண்டி நொண்டி நடந்தது அப்படியே தரையில் முளைத்திருந்தது. ஒரு காலையில் பெண் எல்க்குகள் ஏழு வேலியைத் தாண்டி இறங்கிவந்து, பக்கத்துப் புல்லைச் சீண்டாமல் அந்தத் திட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக மேய்ந்துகொண்டே சன்னலுக்குப் பத்தடி வரை வந்துவிட்டன. அவற்றின் மூச்சு ஆவியாகப் போவதை லைல் பார்த்தார்.

"நான் ஆறு மைல் ஏறிப் போய்த் தேடுறேன். நீ இங்க பந்தி வச்சிருக்க," என்றாள் பின்னால் வந்து நின்ற வெர்னா. அவர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

எல்க்குகள் போன பிறகு அவள் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். லைல் தடியை ஊன்றிப் போய்ச் சேரும்போது மேசையில் ஒரே ஒரு புது டப்பா, மூடி பிரிக்காமல் இருந்தது. முக்காலிக்குப் பக்கத்தில் அடுப்படி நாற்காலி ஒன்றும் போட்டிருந்தது. அதில் வெர்னா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன நிக்கற? உக்காரு. நீ மலைக்குப் போயிட்டு வா," என்றாள். "டப்பாவ நான் பாத்துக்கறேன்."

லைல் முக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். அவள் மூடியைத் திறந்து அவர் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை கொட்டிவிட்டு, மறுபடி மூடினாள்.