வேலாயுதம் தம்பியின் மட்டத் தளம்

புசல்லாவையில் கரத்தையை நிறுத்திய வண்டிக்காரர் முதலில் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்த பிறகுதான், எல்லோரையும் போல என்னை அண்ணன் முறை வைத்துச் சொன்னார்: "நானா, உங்க பக்கத்துக் கடை வேலாயுதம் போயிட்டாரு. மழையில தளம் இடிஞ்சு விழுந்திருச்சு." நான் அங்கே காப்பி வாங்கப் போயிருந்தேன். வாங்கக் காப்பியும் இல்லை. வெறுங்கையோடு கண்டிக்குத் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. சாகிற வயது எனக்கு, போனது அவர். அவரை அறிந்த கடைவீதிக்காரர்களே, உங்களிடம் புலம்பாமல் வேறு யாரிடம் புலம்புவேன்?

அவர் பிறந்தது மழைக்கு ஏங்கும் சீமை. அங்கே கட்டுகிற மாதிரியே இங்கும் கட்டினார்: மர உத்தரம், மேலே செங்கல், அதன்மேல் கடுக்காய் நீரில் குழைத்த சுண்ணாம்பு, மட்டமாக ஒரு தளம். கீழே கடையும் வீடும். மேலே காப்பி காயும் களம். "தம்பி, இது உங்க ஊரு வானமில்ல. சரிவா ஓடு போடுங்க" என்றேன். சிரித்தார். "மழை வரும், போகும் நானா. காப்பி எங்க போகப் போகுது?" தெல்தெனியவிலிருந்து காப்பி சுமந்துவரும் பொதிமாடுகள் அவர் வாசலில் வரிசையாக நின்ற காலம் அது. நாங்கள் முற்றத்துச் சேற்றில் பாயை இழுத்துக்கொண்டு திண்டாடும்போது அவர் கொட்டை மேலே பளிச்சென்று காயும். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

பிறகு ஒழுகத் தொடங்கியது. வருடா வருடம் மழைக்கு முன் பழைய தளத்தின் மேல் புதுச் சுண்ணாம்பு பூசுவார். வெடிப்புகளில் சிக்கிய காப்பிக் கொட்டைகளைப் பொறுக்கக்கூடப் பொறுமையில்லை, அவற்றின் மேலேயே பூச்சு. "உங்க வீட்டுக்குள்ளயே மகாவலி ஆறு ஓடுது" என்று கேலி செய்தேன். ஒருநாள் உத்தரத்தைத் தொட்டுப் பார்த்தேன். நகம் உள்ளே இறங்கியது. அதற்குப் பிறகு நான் கேலி செய்யவில்லை.

காப்பி இலையில் நோய் விழுந்ததும் பொதிமாடுகள் நின்றன. "காயப்போடக் காப்பியே இல்ல, இன்னும் தளம் எதுக்கு? பிரிச்சுட்டு ஓடு போடுங்க" என்றேன். அவர் சொன்னதை மறக்க முடியவில்லை: "ஓடு போட்டா, காப்பி செத்துப்போச்சுன்னு நானே தமுக்கடிச்ச மாதிரி ஆயிரும் நானா." எனக்குக் கோபம் வந்தது. "அதுக்காக உங்க பொஞ்சாதி நனையணுமா?" என்று கத்திவிட்டேன்.

அது உறைத்திருக்க வேண்டும். மறு வாரம் ஓடு வந்து இறங்கியது. அவர் மனைவி வள்ளியம்மை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது எனக்குத் தெரியும். தளத்தைப் பிரிக்க ஆளுக்கும் சொல்லியாயிற்று. அந்த நேரம் பார்த்துத் தெல்தெனியவிலிருந்து ஒருவர் ஒரே ஒரு மூட்டை காப்பி கொண்டுவந்து போட்டார். எங்கோ நோய் தப்பிய நாலு செடி. "பாத்தீங்களா நானா, திரும்ப வருது!" என்றார் வேலாயுதம். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் என் கடைக்குத் திரும்பினேன். பிரிக்க வந்த ஆட்களைக் கொண்டே இன்னொரு பூச்சுப் பூசினார். அதன் பிறகு ஒரு மூட்டையும் வரவில்லை.

அடைமழை தொடங்கியதும் வள்ளியம்மையை எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். "நீ அங்க இரு. நான் மேல தேங்கின தண்ணிய வழிச்சுட்டு வாறேன்." பயம் அவருக்கும் இருந்திருக்கிறது. என் வீட்டுக்காரி கொடுத்த தேநீரை வள்ளியம்மை வாயில் வைக்குமுன் சத்தம் கேட்டதாம்.

நான் போய் நின்றபோது வள்ளியம்மை ஒன்றுதான் கேட்டார்: "ஓடு அப்படியே முத்தத்துல கெடக்கு நானா. இப்ப எது மேல போடுறது?"  

இடிபாட்டிலிருந்து ஒரு கட்டியை எடுத்து வந்து என் கடையில் வைத்திருக்கிறேன். உடைந்த பக்கத்தில் பூச்சுகள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. அடியில் ஒவ்வோர் அடுக்கிலும் இரண்டு மூன்று காப்பிக் கொட்டைகள் பதிந்திருக்கின்றன. மேலே போகப் போகக் குறைகின்றன. கடைசி அடுக்கு வெறும் சுண்ணாம்பு.