ஓட்டை வாளியும் அண்ணனின் கயிறும்

போன வாரம் சென்னையிலிருந்து மகன் போன் செய்தான். தென்மாவட்டங்களில் கனமழை பெய்யப் போகிறதாம். அவன் அங்கே டிவியில் பார்த்ததை, இங்கே அருப்புக்கோட்டையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குச் சொன்னான். "ஒரு வாரத்துக்கு வேண்டியதை வாங்கி வச்சுக்கங்கப்பா. லிஸ்ட் அனுப்பியிருக்கேன்" என்றான். மெழுகுவத்தி, தீப்பெட்டி, பிஸ்கட், தண்ணீர் கேன் என்று நீளமாகத்தான் அனுப்பியிருந்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரி ராமுத்தாயிடம் வாசித்துக் காட்டினேன். பிஸ்கட்டில் சிரிக்கத் தொடங்கியவள் பட்டியல் முடியும்வரை நிறுத்தவில்லை.

"தீப்பெட்டிய எங்கன வைக்கணும்னு போட்டுருக்கானா?" என்று கேட்டாள்.

போடவில்லை. பையனுக்கு எப்படித் தெரியும்? மழைக்காலத்தில் தீப்பெட்டியை மிளகாய் வத்தல் டின்னுக்குள் புதைத்து வைக்க வேண்டும். குச்சி நமத்துப்போகாது. என்ன, உரசும்போது ஒரு தும்மலும் சேர்ந்து வரும். அந்தத் தும்மல் ஞாபகம் வந்ததுமே, நாங்கள் முதன்முதலாகத் தனிக்குடித்தனம் போன அந்த இரண்டு அறை ஓட்டு வீடு, அதன் நெடியோடு மூக்குக்குள் வந்து நின்றுவிட்டது.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். திருச்சுழியைத் தாண்டி, பரளச்சி போகிற வழியில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் வாத்தியார் வேலை கிடைத்தது. ஒரு நாளைக்கு ஒரு பஸ், அதுவும் அதன் இஷ்டம். நான் பிறந்தது அருப்புக்கோட்டையில் தறி ஓடுகிற குடும்பம். அம்மா, அண்ணன், மதினி, அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர் என்று எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் ஒரு வாரத்துக்கு மேல் தங்கியதில்லை. வாரக் கடைசியில் கூலி வரும், பை கடைக்குப் போகும். ராமுத்தாய் பிறந்ததோ பரளச்சிப் பக்கத்து மானாவாரிக் காட்டில். அவர்களுக்கு வெள்ளாமை வருஷத்துக்கு ஒரு தடவைதான் வீடு வரும். அதை அடுத்த வெள்ளாமை வரைக்கும் இழுக்க வேண்டும். அடுத்த வெள்ளாமை வரும் என்று வானம் யாருக்கும் எழுதிக் கொடுத்ததும் இல்லை.

தனியாகப் போகிறோம் என்றதும் அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. மளிகைக் கடையில்லாத ஊரில் இருபது வயதுப் பெண் எப்படிக் குடும்பம் நடத்துவாள் என்பது அம்மாவின் கவலை. அண்ணன்தான் தீர்ப்புச் சொன்னார்.

"தைப்பொங்கல் வரைக்கும் இருந்து பாருங்க. சமாளிக்க முடியலைன்னா அந்தப் பிள்ளை இங்கன வந்துரட்டும். நீ அங்கன தங்கிக்கிட்டு சனி ஞாயிறு வந்துட்டுப் போ. பெறகு மறுபேச்சு இருக்கக் கூடாது, ஆமா."

அதாவது நான் வாரத்தில் ஒன்றரை நாள் புருஷன். எனக்கு அவளை விட்டு இருக்க முடியாது என்பதை அன்றைக்கு வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது என்ன வெட்கம், சொல்லிவிடுகிறேன். அவள் பக்கத்தில் இல்லாமல் எனக்கு ஒரு வாய் சோறு இறங்காது.

ராமுத்தாய் போய் இறங்கிய மறுநாளிலிருந்து சேர்க்கத் தொடங்கினாள். மலிவாகக் கிடைக்கிற நாளில் கத்தரிக்காயையும் சீனியவரங்காயையும் வாங்கி அரிந்து வத்தல் போட்டாள். மிதுக்கங்காயை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, அது காட்டில் தானாகக் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளோடு போய் மடி நிறையப் பறித்துக்கொண்டு வருவாள். பிறந்த வீட்டிலிருந்து வந்த குதிரைவாலியும் கம்பும் பானைகளில் ஏறின. துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்தாள், வண்டு அண்டாது. பயறுக்குள் வேப்பிலைச் சருகைப் போட்டாள். கட்டிலுக்கு அடியில் டின்கள் கொள்ளவில்லை என்று கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினாள். நான் கட்டிலில் ஏறுவதற்கு ஒரு முக்காலி தேவைப்பட்டது. பாலவனத்தத்திலிருந்து என்னோடு படித்த நண்பன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, "கல்யாணம் பண்ணுனியா, சரக்குக் கிட்டங்கி நடத்துறியாலே?" என்று கேட்டான்.

இதிலெல்லாம் எனக்குப் பெரிய வேடிக்கை, கரி. தினமும் சமையல் முடிந்ததும் அடுப்பில் கனன்றுகொண்டிருக்கிற வேலிக்கருவைக் கங்குகளை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைப்பாள். காய்ந்ததும் மண்ணெண்ணெய் டின்னில் போட்டு மூடுவாள். ஒரு நாளைக்கு இரண்டு கைப்பிடி இருக்கும். "இஸ்திரி வண்டி போடப் போறியா?" என்று கேலி செய்வேன். ஊர்க் கிணற்றடியில் யாரோ தூக்கிப் போட்ட அடி ஓட்டையான இரும்பு வாளியை எடுத்துவந்து, பக்கத்தில் ஒரு வாய் வெட்டி, உள்ளே களிமண் பூசி, குறுக்கே நான்கு கம்பியைச் செருகி, கரி அடுப்பு ஒன்றும் செய்து வைத்தாள். செய்தாளே தவிர, அதில் ஒரு நாளும் எதையும் சமைக்கவில்லை. "இதுக்கு எப்ப காது குத்து?" என்றேன். "வேளை வரும்" என்றாள்.

இங்கேதான் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வேலிக்கருவை விறகோடு பருத்திமாரும் எரிப்போம், அதாவது பஞ்சு எடுத்தபின் பிடுங்கிக் காயவைத்த பருத்திச் செடி. விறகையும் மாரையும் கட்டுக்கட்டாக அடுப்படிப் பரணில் அடுக்கியிருந்தாள். ஊரில் மற்றவர்கள் வெட்டவெளியில் அடுக்கி வைத்திருக்க, இவள் மட்டும் வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்தாள். எனக்கோ வாரப்பத்திரிகை சேர்க்கும் பைத்தியம். தொடர்கதை வந்த பக்கங்களைத் தைத்து வைக்க இடமில்லை. ஐப்பசி கடைசியில் அவள் தண்ணீருக்குப் போயிருந்த ஒரு காலையில் பரணை முழுக்கக் காலி செய்து, கட்டுகளைக் கொல்லையில் கொண்டுபோய் அடுக்கிவிட்டு, என் இலக்கியத்தை மேலே ஏற்றினேன். மழைக்காலம்தானே என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் காலண்டரில் மட்டும் மழைக்காலம் வருவதை மூன்று வருஷமாகப் பார்த்தவன் நான். அவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், முன்னறிவிப்பில்லாமல் பஸ்ஸிலிருந்து அண்ணன், அம்மா, மதினி, பிள்ளைகள் இரண்டு பேர் என்று மொத்தக் குடும்பமும் இறங்கியது. ஊரில் இருந்த ஒரே பெட்டிக்கடையும் மூடிவிட்டது என்று யாரோ அருப்புக்கோட்டையில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் புதுத் தேங்காய்நார்க் கயிறு ஒரு கட்டு.

"சாமானைக் கட்டத்தான். திங்கக்கிழமை லோடு வண்டிக்குச் சொல்லியிருக்கேன். பொங்கல் வரைக்கும் எதுக்கு இழுத்துக்கிட்டு?" என்றார்.

ராமுத்தாய் பதில் சொல்வதற்குள் ஓட்டின் மேல் முதல் துளி விழுந்தது. அவள் வந்தவர்களை வாசலிலேயே நிற்க விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். வீட்டிலிருந்த பானை, குடம், சட்டி, என் சோற்றுத் தூக்கு எல்லாம் ஓட்டுத் தாழ்வாரத்துக்குக் கீழே வரிசையாக வந்து உட்கார்ந்தன. அண்ணன் வானத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். மழை வந்தால் தெருவில் பாவு நூலை விரித்துக் காயவைக்க முடியாது, தறி நிற்கும். "சனியன் பிடிச்ச மழை" என்றார்.

"மழைய வையாதீக மச்சான்!" ராமுத்தாய் அவரைப் பார்த்துப் பேசிய முதல் வாக்கியமே அதுதான். "என்ன வேணாச் சொல்லுங்க. மழைய மட்டும் வையாதீக."

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். மழை மூடவில்லை. இருட்டுவதற்குள் ஊருக்கு முன்னாலிருந்த ஓடை தரைப்பாலத்தை முழுங்கிவிட்டது. தண்ணீர் வடிகிறவரை பஸ் ஓடைக்கு அந்தப் பக்கத்தோடு திரும்பிவிடும் என்று சேதி வந்தது. இரண்டு அறைக்குள் ஏழு பேர்.

ராமுத்தாய் அடுப்படிக்குப் போய்ப் பரணை அண்ணாந்து பார்த்தாள். அங்கே என் வாரப்பத்திரிகைகள் இருந்தன. கொல்லைக் கதவைத் திறந்தாள். விறகும் மாரும் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தன. வாழ்நாளில் நான் அவ்வளவு சின்னவனாக ஆனதில்லை. பக்கத்து வீட்டில் போய் இரவல் கேட்கலாம் என்றால், ஊர் முழுக்க விறகு வெளியில்தான் கிடந்தது, எல்லோருக்கும் அதே கதி. பின்னாலேயே மதினி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, எரிக்க ஒண்ணும் இல்லையா?"

என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு ஒரு சொல் போதும். "நனைஞ்சு போச்சுக்கா" என்றாள். அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "கட்டிலுக்கடியில கரி டின்னு இருக்கு, எடுத்துட்டு வாங்க. வாளியவும்" என்றாள்.

கரியைப் பற்றவைக்கத் தாள் வேண்டும். நான் பரணில் ஏறி ஒரு கட்டை இறக்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து மூன்று நாளும் வேளைக்கு ஓர் அத்தியாயம் எரிந்தது. கதாநாயகி மதுரை ரயிலடியில் நிற்கும் அத்தியாயத்தில் ஆறாத காப்பித்தண்ணி கிடைத்தது. அந்தக் கதையின் முடிவு இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஏழு பேருக்கு அந்தச் சின்ன அடுப்பு எப்படிக் காணும் என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மாவும் கேட்டார். ராமுத்தாய் குதிரைவாலியை முன்கூட்டியே ஊறவைத்துவிட்டாள். பானை ஒரு கொதி நன்றாகக் கொதித்ததும் இறக்கிச் சாக்கில் சுற்றினாள். பஞ்சுத் தலையணை ஒன்றைக் கிழித்துப் பெரிய கூடைக்குள் கொட்டி, நடுவில் பானையை இறக்கி, மேலேயும் பஞ்சை அமுக்கி மூடிவிட்டாள். தலையணை என்னுடையது, கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அடுப்பில் அடுத்ததாகக் குழம்பு ஏறியது. அது இறங்குவதற்குள், தீயே இல்லாமல், கூடைக்குள் சோறு வெந்து பொலபொலவென்று இருந்தது. அம்மா மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்து பார்த்தார்.

"ஏத்தா, யாரு சொல்லிக் கொடுத்தா இத?"

"எங்க காட்டுல வெறகுக்கும் பஞ்சம்தான் அத்தை. பஞ்சுக்குப் பஞ்சமில்ல."

முதல் நாள் கத்தரி வத்தல் புளிக்குழம்பு. மறுநாள் முளைகட்டின பயறைத் தாளித்து, பக்கத்தில் எண்ணெயில் பொரித்த மிதுக்கு வத்தல். கசக்குமே, பிள்ளைகள் தொடாது என்று மதினி சொல்லிக்கொண்டிருக்கும்போதே சின்னவன் சித்தியின் தட்டிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தான். மூன்றாம் நாள் கம்பு மாவில் கருப்பட்டி போட்டுப் பிசைந்த உருண்டை. ஒரு வேளை போட்டது மறுவேளை வரவில்லை. குடிக்க, தாழ்வாரத்துத் தண்ணீரில் தேத்தாங்கொட்டையை உரைத்துத் தெளியவைத்தாள். ஊர்க் கிணறு கலங்கிச் செங்காவி நிறத்தில் கிடந்தபோது எங்கள் வீட்டுச் செம்பில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுப்புக்கும் கூடைக்கும் நடுவே, ஏதோ நான்தான் எல்லாம் செய்ததுபோல நடந்துகொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் கூரை ஒழுகி எல்லாருடைய துணியும் நனைந்துவிட்டது. காயப்போட இடமில்லை. "மச்சான், அந்தக் கயித்தைக் கொஞ்சம் குடுங்க" என்றாள் ராமுத்தாய். அண்ணன் மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சாமானைக் கட்டி எங்களைப் பிரிக்க வந்த கயிறு, அடுப்படிக்குக் குறுக்கே கொடியாக ஏறியது. அதில் முதலில் தொங்கியது அண்ணனின் வேட்டிதான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மழை ஓய்ந்தது. புதன் காலை ஓடை முழங்காலுக்கு இறங்கிவிட்டதாகவும் அந்தப் பக்கம் பஸ் வந்து நிற்பதாகவும் ஆள் வந்து சொன்னான். ராமுத்தாய் கரி டின்னைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் இன்னும் ஒரு நாளைக்கு இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது.

மதினி சேலைத் தலைப்பில் மிதுக்கு வத்தலை முடிந்துகொண்டார். அம்மா ஒரு தேத்தாங்கொட்டையை இடுப்பில் செருகிக்கொண்டார். அண்ணன் காலி மஞ்சள் பையோடு வாசலில் நின்றார். அப்போதுதான் எனக்குத் தாங்கவில்லை, சொல்லிவிட்டேன்.

"விறகை நனைய விட்டது நான்தாண்ணே. அவ உள்ளதான் வச்சிருந்தா."

"எனக்குத் தெரியும்லே" என்றார் அண்ணன். "பரணு நெறையப் புஸ்தகத்தப் பாத்தப்பவே தெரியும். அந்தப் பிள்ளை மூணு நாளும் வாயத் தொறக்கலையே, அதத்தான் பாத்துக்கிட்டுருந்தேன்."

"கயிறு?" என்றேன்.

கொடியை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். "கெடக்கட்டும். பத்தலைன்னா சொல்லு, இன்னொரு கட்டு வாங்கித் தாரேன்."

அந்தப் பொங்கல் வந்து போனது. அதன்பின் எத்தனையோ பொங்கல். அந்த ஓடையில் இப்போது உயரமான பாலம் இருக்கிறது. ஊருக்குள் மூன்று மளிகைக் கடைகள். பருத்தி போடுவாரும் குறைவு, மிதுக்கங்காயைக் காட்டில் தேட வேண்டும். ஓட்டை வாளி துருப்பிடித்து உதிர்ந்தது. இதற்காகவெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து வருத்தப்படுவதில்லை. கேஸ் அடுப்பைத் திருகினால் எரிகிறது, நல்லதுதானே. அன்றைக்கு ஜெயித்தோம், ஜெயித்தது ஜெயித்ததுதான்.

மகனின் பட்டியலுக்குப் பதில் கேட்டு மறுநாளும் போன் வந்தது. "ஏதாச்சும் ஆர்டர் போட்டு அனுப்பவாப்பா?" என்றான். எல்லாம் இருக்கிறது என்றேன். அம்மா போய்விட்டார், மதினியும் இல்லை, அண்ணன் போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. போனை வைத்த பிறகும் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, என்ன என்று ராமுத்தாய் கேட்டாள். மழை வரப்போகிறது, ஆனால் உங்களால் முடியாது, கிளம்புங்கள் என்று அண்ணனைப் போலக் கயிற்றோடு பஸ் ஏறி வர இப்போது ஆள் இல்லை என்றேன்.