நுக்சார் தேடும் தாழிகள்

நுக்சார் ஒரு வீட்டு முற்றத்துக்குள் நுழைந்ததும் முதலில் மனிதர்களைப் பார்ப்பதில்லை, தரையைப் பார்க்கிறார். வேலியோரம் பழைய சாக்கு விரித்த இடம் எங்கே என்று அவர் கண் தேடுகிறது. நலம் விசாரித்தபடியே அங்கே போய்க் குந்துகிறார், சாக்கை விலக்குகிறார், களிமண் பூச்சில் கட்டைவிரலை அழுத்துகிறார். பள்ளம் விழுந்தால் எழுந்து, "என்னக்கா, சோள ரொட்டி எதுவும் போடலையா?" என்று உரிமையோடு தின்னக் கேட்கிறார். விழாவிட்டால் ஐந்து நிமிடத்தில் வண்டியைக் கிளப்பிவிடுகிறார்.

எங்கள் இமெரெதி மாகாணத்துப் பக்கம் ஆண் குழந்தை பிறந்தால் அந்த வருடத்து ஒயினில் ஒரு தாழியைத் தனியாக மூடி வைப்பார்கள். கழுத்துவரை மண்ணில் புதைந்த தாழி. பையனின் கல்யாணத்தன்றுதான் திறப்பு. மூடிமேல் பூசிய களிமண் காயக்கூடாது. காய்ந்தால் வெடிக்கும், காற்றுப் புகும், உள்ளே இருப்பது காடியாகிவிடும். அதனால் வாரம் இரண்டு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும், இருபத்தைந்து வருடமானாலும். ஊற்றுகிறவள் தாய்.

பையன்கள் இப்போது இத்தாலியிலும் போலந்திலும் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கும் ஊருக்கு வருவதில்லை, தாழிகள் திறக்காமலே கிடக்கின்றன. முன்பு பம்புசெட் மெக்கானிக்காக இருந்த நுக்சாருக்கு அங்கிருந்துதான் புதுத் தொழில் பிறந்தது. எந்தக் கடையிலும் கிடைக்காத இந்த ஒயினைத் தேடிப் பிடித்துத் தலைநகர் திபிலிசியில் மூன்று மதுக்கூடங்களுக்குக் கொடுக்கிறார். வசந்தத்தில் வெளிநாட்டு ஒயின் ரசிகர்களை வண்டியில் ஏற்றி, தாழி திறக்கும் முற்றத்துக்கே கூட்டிப்போகிறார். அந்தப் பயணத் திட்டத்தை ஆங்கிலத்தில் எழுதித் தருவது என் வேலை. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இதற்காகத்தான் படித்தேனா என்று சில நாள் தோன்றும். சம்பளம் வரும் நாளில் தோன்றாது.

ஊர்ப் பெயரோ திராட்சை வகையோ நுக்சார் வாயில் வராது. பையன்களின் பெயர்தான். "வாக்தாங் நல்லாருக்கு, இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும். ஷால்வா போச்சு, காடி." ஷால்வா நெடுஞ்சாலையில் லாரி மோதிச் செத்தவன். முதல் முறை கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்போது கணினியில் நானும் அப்படித்தான் கோப்புகளுக்குப் பெயர் வைக்கிறேன்.

"காஞ்ச மண்ணு எனக்கு எதுக்கு? ஈரமா இருந்தா யாரோ காத்துக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தம். அதுதான் சரக்கு" என்பார். ஆனால் காத்திருப்பவள் கொடுக்கமாட்டாள். கைவிட்டவளிடம் இருப்பது காடி. நடுவில் இருக்கும் சில வாரங்களில்தான் அவர் பிழைப்பு. விலை பேசவே மாட்டார். கூரையைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார். "பையன் போன் பண்றானா?" என்று கேட்டுவிட்டு, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று கவனிப்பார்.

ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப்புறமிருந்து கத்தினார். "பருந்து வந்துருச்சு, குஞ்சையெல்லாம் உள்ள விடுங்க! டேய் நுக்சார், உன் பையனோட தாழி எங்கடா?"

"எனக்கு ரெண்டும் பொண்ணு மாமா, தப்பிச்சேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கும் புதைக்கலைல்ல? நீயும் பொண்ணாச்சே. படிக்கவச்சாங்க. அது காடியாகாது, கவலைப்படாதே." நானும் சிரித்தேன்.

லமாரா அக்காவின் தாழிக்கு இருபத்தேழு வயது. அவர் மகன் தெமூர் என்னோடு பள்ளியில் படித்தவன், போலந்தில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, நான்கு வருடமாக ஊருக்கு வரவில்லை. பிப்ரவரியில் அவனுடைய இணையப் பக்கத்தில் ஒரு படம் பார்த்தேன். சாம்பல்நிறக் கோட்டில் தெமூர், பக்கத்தில் வெள்ளை உடையில் ஒரு பெண், இருவர் கையிலும் காகிதக் கோப்பை. வண்டியில் போகும்போது வாய்தவறி நுக்சாரிடம் சொல்லிவிட்டேன்.

"அந்தம்மாகிட்ட இப்ப மூச்சு விடாதே" என்றார் இறங்கும்போது. "தெரிஞ்சா தண்ணி ஊத்தமாட்டா. மே மாசம் ஆளுங்க வர்றதுக்கு முந்தின நாள் நானே சொல்றேன். அப்புறம் அவளுக்கு அது எதுக்கு?"

மூன்று மாதம் நான் மூச்சு விடவில்லை. 'மே பதினான்கு, காலை பதினொன்று, கல்யாணத்துக்காகக் காத்திருந்த ஒயின்' என்று திட்டத்தில் எழுதினேன். நல்ல வாக்கியம் என்று பாராட்டும் கிடைத்தது.

பதின்மூன்றாம் தேதி போனோம். களிமண்ணில் விரல் முழுசாக இறங்கியது. நுக்சார் தொப்பியைக் கழற்றினார்.

"அக்கா, ஒரு விஷயம். தெமூருக்கு அங்க..."

"கல்யாணம் ஆயிருச்சு. அன்னைக்கே போன்ல சொல்லிட்டான்" என்றார் லமாரா அக்கா. கையில் வாளி இருந்தது. "நீ எப்ப வாயத் திறப்பேன்னுதான் பார்த்துட்டிருந்தேன்."

என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நான் கையிலிருந்த பயணத் திட்டத்தைப் பார்த்தேன்.

"தெரிஞ்சுமா தண்ணி ஊத்துறீங்க?" என்றார் நுக்சார்.

"பின்ன, காயவிடச் சொல்றியா?" வாளியைக் கீழே வைத்தார். "நாளைக்கு வர்றவங்கள்ல போலந்துக்காரங்க யாராவது இருக்காங்களாடா?"

எட்டுப் பேர். நான்கு ஜெர்மானியர், இரண்டு டச்சுக்காரர், இரண்டு ஸ்வீடன்காரர். பட்டியல் என் கையில் இருந்தது.

"ஏன்க்கா?"

"முதல் கிண்ணம் பொண்ணு வீட்டுப் பக்கம் போகணும். அவ சொந்தக்காரங்க இல்லேன்னாலும் அவ நாட்டுக்காரங்களாவது குடிக்கட்டும். இருந்தா திற. இல்லேன்னா உன் ஆளுங்கள வேற முற்றத்துக்குக் கூட்டிட்டுப் போ."

"இருக்காங்கக்கா" என்றார் நுக்சார். ஒரு நொடிகூட ஆகவில்லை. "புருஷன் பொஞ்சாதி. வயசானவங்க. தங்கமான மனுஷங்க."

லமாரா அக்காவின் முகம் ஒரு மாதிரி தளர்ந்தது. "அப்ப அவங்க பேரும் ஊரும் ஒரு சீட்டுல எழுதிக் குடு. போட்டோ எடுத்துத் தெமூருக்கு அனுப்புறேன். அவ படிச்சுப் பார்ப்பால்ல." கிண்ணங்களைக் கழுவ உள்ளே போனார்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நுக்சார் என் கையிலிருந்த பயணத் திட்டத்தை உருவி, வெற்றுப் பக்கம் மேலே வரும்படி மடித்து வேலித் தூணின்மேல் விரித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றி, என் பக்கம் நீட்டினார்.