மேகமில்லாத நாளின் மழை வாசனை

நொசிகுவுக்கு மழை வாசனை வந்துவிட்டால் உலகம் மெல்ல விலகிப் போகும். அக்டோபர் வெயிலில் லுசாகா நகரம் வெந்துகொண்டிருக்கும். வானத்தில் துணுக்கு மேகம் இராது. ஆனாலும் நனைந்த மண் மூக்கருகே வந்து நிற்கும். அவள் முடி பின்னும் தகரக் கொட்டகை, எதிர்க்கடைத் தக்காளிக் குவியல், முன்னால் உட்கார்ந்திருப்பவளின் தலை எல்லாம் தண்ணீருக்கடியில் போனதுபோல் ஆடும். பிறகு எதுவுமில்லை. திரும்பி வரும்போது அவள் விரல்கள் ஒரே கற்றையைத் திருகித் திருகிச் சிக்காக்கியிருக்கும்.

"அடியே, கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறியா? இந்தச் சிக்கை நீயே பல்லால கடிச்சு எடு!"

முன்னால் உட்கார்ந்திருப்பவள் சொல்லிச் சிரிக்க, நொசிகுவும் சேர்ந்து சிரிப்பாள். வலிப்பு என்றால் விழுவது, நுரை தள்ளுவது. மாத்திரையில் அவளுக்கு அது நின்று மூன்று வருஷமாயிற்று. இது ஏதோ பகல் கனவு என்றே இருந்தாள்.

கணவனுக்குக் கிட்வே ஊர்ச் சுரங்கத்தில் வேலை. ஒன்றரை வயது மகள் முவாங்கலா, மாமியார் இனோங்கேயிடம். "வலிப்பு போயிடுச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுக்கட்டும், அப்புறம் புள்ளையத் தூக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டாள் இனோங்கே. வியாழக்கிழமை டாக்டர் எழுதித் தருவதாக இருந்தது.

செவ்வாய் மத்தியானம், வலிப்புக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. பேசியவன், லிவிங்ஸ்டன் ஊரில் மினிபஸ் நடத்துநராக இருக்கும் லிகாண்டோ.

"யாரும் சிரிக்காதீங்க. திடீர்னு எனக்கு மழை வாசனை அடிக்கும். அப்புறம் ரெண்டு நிமிஷம் எங்க போறேன்னே தெரியாது. ஒரே ஆள்கிட்ட மூணு தடவை காசு கேட்டு அடி வாங்கியிருக்கேன். இதுவும் வலிப்புதானாம்."

நொசிகு பின்னிக்கொண்டிருந்த கற்றையை விட்டாள். "அண்ணே, எனக்கும் அதே மழை" என்று பேசி அனுப்பினாள். ஒருத்திக்கு ரப்பர் கருகும் வாசனையாம். இன்னொருவருக்கு ஒரு பாட்டாம். இத்தனை பேரும் அவள் போய்வரும் அதே ஊருக்குப் போய்வருகிறவர்கள்.

"டாக்டர்கிட்ட சொன்னியா தங்கச்சி?" என்று கேட்டான் லிகாண்டோ.

"விழுந்தியான்னுதான் கேப்பார். நான் விழலையே." மகளைத் திரும்ப வாங்க டாக்டர் எழுதித் தரப்போகும் காகித விஷயத்தையும் சொன்னாள்.

"அப்ப வாயை மூடிக்கிட்டு வாங்கிடு!" என்றான் ஒருவன்.

நமாசிகு என்ற பெண் தழும்பேறிய கையைப் படமெடுத்துப் போட்டாள். "நானும் அப்படித்தான் வாங்குனேன். மாத்திரையையும் நிறுத்திட்டாங்க. அடுத்த மாசம் அடுப்புல கையை வெச்சுக்கிட்டு நின்னிருக்கேன்."

வியாழக்கிழமை டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டார். "விழுந்தீங்களா?"

அங்கே இல்லாத மகளின் கனத்தை நொசிகு ஒரு கணம் முதுகில் உணர்ந்தாள்.

"விழல டாக்டர். ஆனா காணாமப் போயிடறேன்."

பேனா மூடிக்கொண்டது. அவர் அரைமணி நேரம் கேட்டார். காகிதம் இல்லை, வேறு மாத்திரை.

நேராக மாமியார் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பேசாம இருந்திருந்தா புள்ள இப்ப உன் முதுகுல இருக்கும். ஏன்டி சொன்ன?"

"தண்ணித்தொட்டி பக்கத்துல நான் காணாமப் போயிட்டா என்னம்மா செய்வா அவ?"

இனோங்கே எழுந்து அடுப்படிக்குப் போனாள். பிறகு கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து நீட்டினாள்.

"புது மாத்திரை பிடிக்கிற வரைக்கும் நீயும் இங்கயே இரு. நீ ஊட்டு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

நொசிகு தரையில் அமர்ந்தாள். முவாங்கலா வாயைத் திறந்தாள்.