இன்னாசியக்காவின் மொச்சை மெஷின்

"காம்பு முன்னால, மூக்கு பின்னால. எத்தனை வாட்டிடி சொல்றது?"

பக்கத்து வீட்டு ஜெஸி தலைகீழாக நீட்டிய மொச்சைக்காயைப் பிடுங்கித் திருப்பி, சுழன்றுகொண்டிருக்கும் இரண்டு ரப்பர் உருளைகளுக்கு நடுவே விடுகிறார் இன்னாசியம்மாள். தோல் நசுங்கி மறுபக்கம் போய் விழுகிறது. மணிகள் அந்த இடுக்குக்குள் நுழைய மாட்டோம் என்று இந்தப் பக்கமே துள்ளி எவர்சில்வர் தாம்பாளத்தில் உருள்கின்றன. ஒன்றிரண்டு எகிறிப்போய் டிவி மேல் விழும். ஈஸிசேரில் பேப்பர் படிக்கும் கணவர் ஞானமுத்துவின் வழுக்கை மேலும் விழும். அவர் இப்போதெல்லாம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் பேப்பர் படிக்கிறார்.

மெஷின் ஒன்றும் பிரமாதமான பெரிசு இல்லை. ஒரு தையல் மெஷினின் தலைப்பாகம் அளவுதான் இருக்கும். மேசை விளிம்பில் வைத்துத் திருக வேண்டும். ஸ்விட்சைத் தட்டினால் மோட்டார் சுற்றும், கரண்ட் இல்லாவிட்டால் கைப்பிடி மாட்டிச் சுற்றலாம். பச்சைப் பட்டாணி உரிப்பதற்கென்றே வந்த சாமான். அதை மொச்சைக்குப் பழக்கியது இன்னாசியம்மாள்.

வயது அறுபத்தொன்று. மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். அங்கே படித்த பிள்ளைகளுக்கும் அக்கா, அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் அக்கா, தலைமையாசிரியருக்கும் அக்கா. ஜெராக்ஸ் வராத காலத்தில் பரீட்சைக் கேள்வித்தாளையெல்லாம் ரோனியோ மெஷினில் கையால் சுற்றிச் சுற்றி நகல் எடுத்தவர். அதனால் உருளை வைத்த எந்த மெஷினைக் கண்டாலும் அவருக்குப் பயமில்லை. "உருளைக்குத் தெரிஞ்சதெல்லாம் ரெண்டுதான். ஒண்ணு இழுக்கும், இல்லாட்டி சிக்கும். ரெண்டு தாளைச் சேத்து விட்டா ரெண்டும் பாழு. காயும் அப்படித்தான்" என்பார்.

இன்னொரு குணமும் உண்டு. "அதெல்லாம் முடியாதுங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர்கள் முன்னாலேயே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். "ஏன் முடியாதுன்னு சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, கேட்டுக்கிறேன்." திருப்பரங்குன்றம் பக்கத்தில் அவர் குடியிருக்கும் அந்தக் காலனிக்குத் தெருவிளக்கு வந்தது இப்படித்தான். மின்வாரியத்து ஆள் ஒருவர் அவருக்குப் பதில் சொல்லி மாளாமல் தானே மனு எழுதிக் கொடுத்தாராம்.

மெஷின் வந்த புதிதில் தெருவே சிரித்தது. "மிக்சி இருக்கு, கிரைண்டர் இருக்கு, இப்ப மொச்சைக்கும் மெஷினா? வாயில ஊட்டிவிட ஒண்ணு வாங்கலயாக்கா?" என்று எதிர்வீட்டு சுபலட்சுமி கேட்டார். "வந்தா மொத ஆளா வாங்குவேன். நீயும் அப்ப ஓசி கேட்டு வருவ" என்று பதில் போனது. ஞானமுத்து மட்டும் கவலையாகச் சொல்லிப் பார்த்தார்: "கையில உரிக்கிற மணம் மெஷின்ல வராது, இன்னாசி." மெஷின் மொச்சைக்குப் பழகிய அன்றைக்கு இன்னாசியம்மாள் அதைக் கருவாட்டுக் குழம்பில் போட்டுப் பரிமாறினார். மனிதர் இரண்டாம் தடவை சோறு வாங்கிப் பிசைந்தபடி, "பாத்தியா, கையில உரிச்சா கையில உரிச்சதுதான்" என்றார். தாம்பாளத்தையும் தோல் குவியலையும் காட்டிய பிறகு, அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை.

வேலைக்குச் சோம்பியா இந்த மெஷின் வாங்கினார்? இல்லை. அதன் காரணம் போன வருடத்துத் திருவிழாவில் இருக்கிறது.

அவர்களுடைய பங்குக் கோயில் திருவிழா தை மாதத்தில் வரும். அன்று ஊருக்கே அசனம், கோயில் பந்திச் சாப்பாடு. ஐந்நூறு இலை விழும், மொச்சைக் குழம்பு இல்லாமல் அந்த அசனம் கிடையாது. முந்தின நாள் மதியம் எண்பது கிலோ காய் வந்து இறங்கும். அன்பியம் என்கிற பங்குத் தெருக்குழுவின் பெண்கள் பன்னிரண்டு பேர் கோயில் மன்றத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து உரிப்பார்கள். முடிய ஆறு மணியாகும். மன்றத்துக்குள்ளே நாலு மணிக்குப் பங்குக் கூட்டம். வருடத்துக்கு ஒருமுறை கூடி, கோயில் நிதியில் அடுத்து என்ன கட்டுவது என்று முடிவெடுக்கிற கூட்டம் அதுதான். ஐந்தரைக்கெல்லாம் முடிந்துவிடும். பெண்கள் வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை.

அந்த மன்றத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி ஆண்களுக்கு ஒன்று இருக்கிறது. உரிக்க வருகிற பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். ஜெஸி போன வருடம் ஏழு மாதக் கர்ப்பிணி. மூன்று முறை எழுந்து, வெயிலில் வீட்டுக்கு நடந்துபோய்த் திரும்பி வந்தாள்.

திருவிழா முடிந்த மறுநாள் மதியச் சாப்பாட்டில் இன்னாசியம்மாள் கேட்டார், "கூட்டத்துல என்ன முடிவாச்சு?"

"வாசல்ல வளைவு கட்டப்போறாக. றெக்கை வச்ச சம்மனசு ரெண்டு பக்கமும் நிக்கிற மாதிரி" என்றார் ஞானமுத்து.

"கக்கூஸ்?"

"அதப் பத்தி யாரும் பேசலயே. பொம்பளைங்க தரப்புல கோரிக்கை எதுவும் இல்லைன்னு எழுதிக்கிட்டாங்க."

"பொம்பளைங்க எங்கிட்டு இருந்தோமாம்?"

ஞானமுத்து ரசத்தைக் கலக்கிக்கொண்டே, வஞ்சனை இல்லாமல் சொன்னார். "நீங்கதான் மொச்சை உரிச்சுக்கிட்டு இருந்தீகளே."

இன்னாசியம்மாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மொச்சையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கலாம்தான். ஆனால் "ஐந்நூறு பேரு சாப்பாட்டக் கெடுத்துட்டு நாயம் கேக்க எனக்கு மனசு வராது" என்பது அவருடைய கணக்கு. அப்படியானால் ஒரே வழிதான் இருக்கிறது, நாலு மணிக்கு முன்னால் உரித்து முடிக்க வேண்டும். ஐப்பசியில் மெஷின் வந்து இறங்கியது.

பட்டாணி முதல் நாளே அழகாக உரிந்தது. மொச்சைதான் மானத்தை வாங்கியது. இந்த ஊரில் மொச்சை வாங்கினால் ஒடித்துப் பார்த்துதான் வாங்குவார்கள், டக்கென்று ஒடியாத காயைக் கையால் தொடமாட்டார்கள். இன்னாசியம்மாளும் அன்றைக்குப் பறித்த காயாகத் தேடித் தேடி வாங்கி மெஷினுக்குள் விட்டார். விறைத்த தோல் மணியை விடாமல் பிடித்துக்கொண்டு, மணியும் தோலுமாக நசுங்கிப் பச்சைக் கூழாகப் போய் விழுந்தது. வேடிக்கை பார்க்க வந்த சுபலட்சுமி, "அக்கா, இட்லிக்குத் தொட்டுக்கலாம் போலயே" என்றார். மூன்று வாரம் இந்த அவமானம்.

ஒருநாள் மிச்சக் காயை மஞ்சப் பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மறந்துவிட்டார். மறுநாள் எடுத்தால் தோல் துவண்டு கிடந்தது. தூக்கிப் போடப்போனவர், எதற்கும் பார்ப்போமே என்று ஒன்றை விட்டார். தோல் வழுக்கிக்கொண்டு போனது, மணி ஒரு கீறல் இல்லாமல் இந்தப் பக்கம் நின்றது. இன்னாசியம்மாள் அடுப்பில் பால் பொங்குவதைக்கூடப் பார்க்காமல் ஜெஸியைக் கத்திக் கூப்பிட்டார். "அடியேய், நம்ம எல்லாரும் கூறுகெட்டவளுகடி! இம்புட்டு நாளா அன்னிக்குப் பறிச்ச காயத் தேடிச் செத்திருக்கோம். இதுக்கு வேண்டியது ஒருநாள் வாடுன காயிடி!"

அடுத்த இடைஞ்சல் பெனடிக்ட். இரும்புக்கடை வைத்திருக்கும் அவர்தான் திருவிழாக் கமிட்டிச் செயலாளர். ஒவ்வொரு வருடமும் அவர்தான் போய்க் காய் வாங்கி வருவார். ஒருநாள் முன்னதாக வாங்குங்கள் என்று இன்னாசியம்மாள் கேட்டதற்கு, மனிதர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"வாடுன காயையா? திருவிழாவுக்கா? ஊரு காறித் துப்பும்க்கா. அதெல்லாம் முடியாது."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லியிருக்க வேண்டாம். இன்னாசியம்மாள் நேரே பங்குச் சாமியாரிடம் போனார். "யாரு வாங்குனா என்னம்மா, சாப்பாடு நல்லா இருந்தாச் சரி" என்றார் அவர். திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால், விடிந்தும் விடியாமல் ஜெஸியோடு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போய், வாடிப்பட்டிப் பக்கத்துக் காயாகப் பார்த்து எண்பது கிலோவும் லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தார். முன்னறை முழுக்கப் பரப்பி வாடவிட்டார். ஞானமுத்து ஒன்றரை நாள் தன் வீட்டுக்குள்ளேயே வரப்பில் நடப்பதுபோல் ஓரமாக நடந்தார்.

பயம் இல்லாமல் இல்லை. இருபத்திரண்டு வருடமாக அசனத்து மொச்சை அவர் பொறுப்பு. அது கூழாகப் போனால் கழிப்பறையும் வராது, இருக்கிற மரியாதையும் போய்விடும். மறுநாள் மதியம் ஒரு மணிக்குக் கொட்டகையில் மெஷினைத் திருகும்போது ஒரே திருகாணியை மூன்று தடவை முறுக்கினார். ஜெஸி பார்த்துவிட்டாள். "ஸ்பேனர் வழுக்குதுடி" என்று சமாளித்தார்.

இரண்டு பேர் மெஷினுக்குக் காய் விட்டார்கள். நாலு பேர் சொத்தை பொறுக்கினார்கள், மற்றவர்கள் மெஷின் மிச்சம் வைத்ததைக் கையால் உரித்தார்கள். இரண்டரைக்கெல்லாம் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. அப்போது பார்த்துக் கரண்ட் போனது. பந்தல்காரர்களை மேய்த்துக்கொண்டிருந்த பெனடிக்ட் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"நான் அப்பவே சொன்னேன்ல. மெஷினை நம்புனா இப்படித்தான். விடுங்கக்கா, ஆறு மணி வரைக்கும் நேரம் கெடக்கு, நிதானமா கையில உரிங்க."

"ஆறு மணி வரைக்கும் உங்களுக்கு நேரம் கெடக்கு. எங்களுக்கு நாலு மணிக்கு வேலை இருக்கு" என்றார் இன்னாசியம்மாள். பையிலிருந்து கைப்பிடியை எடுத்து மாட்டினார். முதல் ஐந்து நிமிடம் அவரே சுற்றினார், ரோனியோ சுற்றிய கை. பிறகு ஒவ்வொருத்தியாக இடம் மாறினார்கள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவந்த ஜெஸி எல்லாரையும் விட வெரசாகச் சுற்றினாள். "மெள்ளடி, மெஷின் பறந்துரப்போகுது" என்று ஒருத்தி சொல்ல, கொட்டகையே சிரித்தது. பெனடிக்ட் எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

நாலு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது கடைசிக் காய் உரிந்தது. சமையல்காரர் வந்து இரண்டு கையாலும் மணியை அள்ளிப் பார்த்து, உடனே அண்டாவைக் கொண்டுவரச் சொன்னார். அவர் பாராட்டியதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பெண்கள் குழாயடியில் கைகால் கழுவி, முகம் துடைத்து, சேலையை உதறிக் கட்டிக்கொண்டார்கள். இரண்டு பேருக்குத் தயக்கம். "நம்ம போயி என்னக்கா பேசுறது?" என்றார்கள். "பேச வேண்டியத நான் பேசுறேன். நீங்க வந்து உக்காந்தாப் போதும். இல்லைன்னு எழுத முடியாதுல்ல" என்றார் இன்னாசியம்மாள்.

மன்றத்துக்குள் ஆண்கள் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் ஜெபத்துக்கு எழப்போனவர், வாசலைப் பார்த்து நின்றார். ஞானமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னக்கா, டீயா?" என்று கேட்டார் பெனடிக்ட்.

"ஆமா. எங்களுக்கும் பன்னெண்டு சேத்துச் சொல்லுங்க."

பெனடிக்ட் அவசரமாக எழுந்தார். மேசையில் விரித்திருந்த வருகை நோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். "இது வந்து... வீட்டுக்கு ஒரு கையெழுத்துக்கா. உங்க வீட்டுக்கு அண்ணன் போட்டுட்டாரு. நீங்க இருங்க, தாராளமா இருங்க. வேணும்னா தனியா ஒரு தாள் தாரேன், அதுல எல்லாரும் போடுங்க."

முப்பத்திரண்டு வருடம் ஆபீசில் இருந்தவருக்குத் தெரியும், தனித்தாள் எங்கே போகும் என்று. "வீட்டுக்கு ஒண்ணுன்னு எங்க எழுதியிருக்கு? காட்டுங்க, படிச்சுக்கிறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெனடிக்ட் சாமியாரைப் பார்த்தார். சாமியார் வாய்க்குள் சிரித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். பெனடிக்டின் கை நோட்டின் மேலிருந்து மெல்ல நகர்ந்தது.

இன்னாசியம்மாள் நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். இருபத்துமூன்றாவது கையெழுத்துக்குக் கீழே, கோடு எதுவும் போடாமல், இடமும் விடாமல், 24 என்று எழுதித் தன் முழுப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டார். பிறகு அடுத்த வரியில் 25 என்று எழுதி, பேனாவை மூடாமல் ஜெஸியிடம் நீட்டினார்.