நுனி ஒடித்த வெண்டைக்காய்

எங்கள் வீட்டுக் குழம்பில் நுனியோடு ஒரு வெண்டைக்காயைப் பார்த்து வருடக்கணக்காகிறது. நல்ல காயெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காரைக்கால் சந்தையில் விற்றுவிடும். வருகிறவர்கள் ஒடித்துப் பார்த்துவிட்டுப் போட்டுப்போனவைதான் என்னோடு கோட்டுச்சேரிக்குத் திரும்பி வரும்.

நுனி பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அவ்வளவு சோதிக்க மாட்டார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் விடியலில் நானும் வீட்டுக்காரரும் பறித்த காய், ஒடியாமல் எங்கே போகும்? சனிக்கிழமை திருநள்ளாறு கோயிலுக்கு வந்து தங்கிவிட்டு, மறுநாள் சந்தை பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு நானே ஒடிக்கக் கற்றுக்கொடுப்பேன். லாட்ஜில் அடுப்பில்லை என்று தெரிந்தும் பச்சையாகக் கடித்துப் பார்த்து அரைக் கிலோ வாங்கிப்போவார்கள். விற்றது அன்றைக்கே கைக்கு வந்துவிடும், நடுவில் தரகர் கிடையாது. சந்தையில் அந்த ஒரு இடம்தான் எங்கள் பிழைப்பு.

ஒடிக்காமல் வாங்கியவர் ஒரே ஒருவர். டவுனில் ஒரு முஸ்லிம் வீட்டு அம்மா, பிள்ளைகள் வளைகுடாவில். அவர்கள் வழக்கப்படி அக்கா என்பதற்கு லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பையை விரித்துப் பிடிப்பார், நான் அள்ளிப் போடுவேன்.

"நீ போட்டா சரியாத்தான் இருக்கும் புள்ள" என்பார்.

போன வருடம் சந்தைக்கு விளம்பரம் வைக்க வந்தவர்கள் என்னைக் கூடையோடு படம் எடுத்தார்கள். 'உழவர் கையிலிருந்து நேராக உங்கள் கைக்கு' என்று அந்தப் படத்தோடு அச்சடித்து என் தலைக்கு மேலேயே கட்டினார்கள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பிறகு வீட்டுக்காரர் மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டார். சில வாரம் என்னால் போக முடியவில்லை. திரும்பிப் போனபோது என் இடத்தில், என் படத்துக்குக் கீழே, ஒரு வியாபாரி லாரியில் வந்த வெண்டைக்காய் மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, காலியாகக் கிடந்த இடம் என்றார். கடை போடும் இடத்துக்கு அடிக்காசு வசூலிக்கிறவரிடம் முறையிட்டேன். சந்தையில் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார். படத்தையாவது கழற்றுங்கள் என்றேன். அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று சிரித்தார் வியாபாரி. சாக்கடை ஓரமாகச் சாக்கை விரித்து உட்கார்ந்தேன்.

லாத்தா வந்தார். கூப்பிட்டேன், அந்தக் கூட்டத்தில் கேட்கவில்லை. நேராகப் படத்துக்குக் கீழே போனார். எனக்கு விரித்த மாதிரியே பையை விரித்தார். வியாபாரி அள்ளிப் போட்டார். ஒன்றைக்கூட லாத்தா ஒடித்துப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில்தான் என்னைக் கண்டு திகைத்து நின்றார்.

"ஒன் படம் தொங்குதே. ஒன்னோட ஆளுன்னுல்ல நெனச்சேன்."

அவர் பையிலிருந்து ஒரு காயை எடுத்து நுனியை அழுத்தினேன். கயிறு மாதிரி வளைந்தது.

பையைப் பார்த்தார், தூரத்தில் தொங்கிய படத்தைப் பார்த்தார். அப்புறம் என் சாக்கின் முன்னால் குனிந்து, ஒரு காயை எடுத்து ஒடித்தார். பட்டென்று ஒடிந்தது. அரைக் கிலோ போடச் சொன்னார். நான் அள்ளப் போனபோது, இருக்கட்டும், நானே எடுக்கிறேன் என்று கையைத் தடுத்தார். ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துத்தான் பைக்குள் போட்டார்.