ஏசியின் பின்பக்கம்

கொடைக்கானலில் யாராவது ஏசி போடுவார்களா?

போட்டிருந்தார்கள். வில்பட்டி போகிற ரோட்டில், எங்கள் வீட்டுக்கு எதிர் பங்களாவில். ரோட்டில் ஜனங்கள் ஸ்வெட்டரும் மப்ளருமாக நடுங்கிக்கொண்டு போவார்கள். உள்ளே ராப்பகலாக ஏசி ஓடும் — கம்ப்யூட்டர்களுக்காக!

சென்னைக் கம்பெனி ஒன்று. நாம் இன்டர்நெட்டில் ரூம் புக் செய்கிறோம், டிக்கெட் எடுக்கிறோம். அந்த விவரமெல்லாம் ஏதோ ஆகாயத்தில் மிதப்பதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். எங்கேயோ ஓர் அறையில், பீரோ மாதிரி வரிசையாக நிற்கிற சர்வர்களுக்குள் இருக்கிறதாம். சுனாமிக்கு அப்புறம் எல்லாவற்றையும் கடலோரத்திலேயே வைத்திருக்க அவர்களுக்குப் பயம். ஒரு நகல் மலைமேல் இருக்கட்டும் என்று பங்களாவை வாடகைக்குப் பிடித்துவிட்டார்கள்.

அதைப் பார்த்துக்கொள்ள ஒரு இளம் இன்ஜினீயர் — ஷாநவாஸ். பழனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகன். சாயங்காலம் டீ குடிக்க என் வீட்டுக்கு வருவான். "உள்ள ஏசி, வெளிய பனி. நான் எங்க போயி குளிர் காயறது ஆன்ட்டி?" என்பான். இரண்டு பேரும் சிரிப்போம்.

போன மாதம் ஒரு நாள் வெள்ளனே சந்தனமேரி வந்தபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

மேரி, பங்களாவுக்குப் பின்னால் பூண்டு பயிரிடுகிறவள். இதே மலையில் உள்ள பூண்டி கிராமத்தில் பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்டவள். முந்தானையை அவிழ்த்து, ஒரு பிடி பூண்டை என் வாசற்படியில் கொட்டினாள்.

"அமுக்கிப் பாருங்கக்கா."

அமுக்கினேன். மேல் தோல் மட்டும் நன்றாக இருந்தது. உள்ளே பல் வற்றிப்போய், விரலுக்கு இடையில் சருகாக நொறுங்கியது.

"வெதைப் பூண்டுக்கா. ஐப்பசி நடவுக்கு வச்சது. பாதிக்கு மேல இப்பிடித்தான் கெடக்கு. அந்த ஏசிப் பொட்டி ராவும் பகலும் என் கொட்டாய்க்குள்ளயே அனலை ஊதுது. சாக்கு கட்டிப் பாத்தேன், படுதா கட்டிப் பாத்தேன். ம்ஹூம். இந்த நடவு போச்சுன்னா அடுத்த வருசத்து வெதைக்கு நான் எங்க போவேன்?"

விதைப்பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டிக் கொட்டகையில் தொங்கவிடுவார்கள். கீழே அவ்வப்போது லேசாகப் புகை போடுவார்கள். மிச்சத்தை மலைக்குளிர் பார்த்துக்கொள்ளும். காலங்காலமாக அப்படித்தான். மேரி வீட்டில் மட்டும் இந்த வருஷம் மலைக்குளிருக்குப் பதில் வெக்கைக் காற்று.

அவளோடு போய்ப் பார்த்தேன். பங்களாவின் பின்சுவரில் பெரிய பெரிய வெளிப்பெட்டிகள், நேராகக் கொட்டகையைப் பார்த்தபடி. கையை நீட்டினால் சுட்டது.

"ஏம்ப்பா, வேற பக்கமே கிடைக்கலையா?" என்று ஷாநவாஸைக் கேட்டேன்.

தயங்கினான். "ஓனரம்மா வாடகை பேசும்போதே கண்டிஷனா சொல்லிட்டாங்க ஆன்ட்டி. முன்னாடி ரோஜாத் தோட்டம் இருக்கு, மே மாசம் ஃபிளவர் ஷோவுக்குப் போகணும், அனல் படக் கூடாதுன்னு. அதான் பின்னாடி..."

"பின்னாடி?"

"பின்னாடி யாரும் இல்லைன்னு பிளான்ல இருந்துச்சு."

எனக்குச் சுர்ரென்று வந்தது. ரோஜாவுக்குப் பரிந்து பேச ஆள் இருக்கிறது. பூண்டுக்கு இல்லை!

யோசித்துப் பாருங்கள். ஏசி குளிரைத் தயாரிக்கிறதா என்ன? உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். நம் வீட்டைப் பெருக்கி அடுத்த வீட்டு வாசலில் தள்ளுகிற அதே சமாச்சாரம். தள்ளுகிற பக்கத்தை நாம் எட்டிப் பார்ப்பதில்லை. நான் மட்டும் பார்த்தேனா? எத்தனை மாதமாக எதிர் வீட்டில் உட்கார்ந்து டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஷாநவாஸைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கே சென்னைக்குப் போன் போட்டு சண்டை பிடித்தான். அவர்களும் நல்லவர்கள்தான் போல — பூண்டு போச்சா, பூண்டே கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். மறுநாளே வத்தலக்குண்டிலிருந்து வேனில் ஒரு மூட்டை வந்து இறங்கியது. வெள்ளைவெளேரென்று, குண்டு குண்டாக.

மேரி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "ரசத்துக்கு ஆகும்" என்றாள்.

ஷாநவாஸுக்குப் புரியவில்லை.

"இது வெளியூருப் பூண்டு தம்பி. எங்க மண்ணுல நட்டா தாளு மட்டும் தளதளன்னு வரும். அடியில ஒண்ணும் இருக்காது. மலைப் பூண்டுதான் வேணும். அதுவும் வெரசா வேணும். மத்தவுகல்லாம் நட ஆரம்பிச்சுட்டாக."

அப்புறம் அவளையும் ஏற்றிக்கொண்டு கம்பெனி ஜீப்பில் பூண்டி கிராமத்துக்குப் போனான். மேரியின் அண்ணன் யாருக்கோ தருவதாகச் சொல்லி வைத்திருந்த விதையில் பாதியைத் தங்கைக்காகப் பிரித்துக் கொடுத்தாராம். விதை வந்துவிட்டது. ஆனால் நிலம் தயாராகி நட்டு முடிக்கிற வரைக்கும் எங்கே தொங்கவிடுவது? அதே கொட்டகையிலா... அதே அனலிலா?

"ஜன்னலைத் திறந்து வையேன்ப்பா. குளிருக்கா பஞ்சம்?" என்றேன், எனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தில்.

"பனிமூட்டம் உள்ள வந்தா மிஷின் ஈரமாயிடும் ஆன்ட்டி. அதுவும் இல்லாம சூடு வெளிய போக வழி வேணும்ல" என்றவன், சட்டென்று நிறுத்தினான். அந்த சர்வர் அறையிலேயே வெள்ளைக்காரர் காலத்துக் கணப்பு அடுப்பு உண்டு. அறை தயாரான நாளில் அதன் புகைபோக்கியைப் பலகை அடித்து மூடியதே அவன்தான்.

பலகையைப் பிடுங்கினான். ஜன்னலில் ஒரு ஃபேன், தூசி வராமல் வடிதுணி. குளிர்காற்று அந்த வழியாக உள்ளே வருகிறது. சர்வர் சூடு புகைபோக்கி வழியாகக் கூரைக்கு மேலே போகிறது. பனி இறங்கும் நாளில் புகைபோக்கியைப் பாதி மூடிவிடுவான். அறையின் சூடே ஈரம் சேராமல் பார்த்துக்கொள்ளும். சென்னையில் முதலில் முடியவே முடியாது என்றார்கள். தினமும் டெம்பரேச்சரையும் ஈரப்பதத்தையும் அனுப்பிக்கொண்டே இருந்தான். ஒருவழியாகச் சம்மதித்தார்கள். இப்போது ஏசி அவசரத்துக்கு மட்டும்தான்.

ஒரு உபரி லாபம். முன்பெல்லாம் கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர் அலறும், புகை என் சமையலறை வரை வரும். ஏசி ஓடாததால் இப்போது பேட்டரியே ரொம்ப நேரம் தாங்குகிறது. ரோட்டுக்கே நிம்மதி.

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். புகைபோக்கியை விதவிதமாக போட்டோ எடுத்தார். இன்னொரு மலையிலும் இப்படி ஓர் அறை போடப் போகிறார்களாம். பின்பக்கம் போனார். மேரி நடவில் இருந்தாள், கிழித்த கோட்டில் பல் பல்லாக ஊன்றிக்கொண்டு.

"இப்ப தொந்தரவு எதுவும் இல்லையேம்மா?" என்றார், நிஜமான அக்கறையோடு.

மேரி நிமிர்ந்து, கை மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

"இப்ப இல்லைங்க. இனிமே மிஷினு எது கொண்டாந்தாலும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வைங்க. நீங்க பின்பக்கம்னு சொல்றீங்களே... அதுதான் எங்க வாசலுங்க."